கேரக்டர் பிடிக்கலேன்னா அது மிஸ்காஸ்டிங்தானா?

உங்க கேள்விய நான் எப்படிப் புரிஞ்சுக்கிட்டேன்னு முதல்ல சொல்லிடுறேன், தப்பா இருந்தா திருத்துங்க. க்ரைம் சீரிஸ் எது வந்தாலும் ரெண்டே நாள்ல "இவர இந்த ரோலுக்கு யாரு போட்டது", "அந்தப் பொண்ணு வந்தாலே ஓட்டி விட்டுடுறேன்", "மூஞ்சியில போலீஸ் களையே இல்ல"ன்னு எழுத ஆரம்பிச்சிடுறாங்க, இதுல எது நெசமாவே காஸ்டிங் தப்பு, அதாவது ரோலுக்குப் பொருந்தாத ஆளப் போட்டது, எது ஆளப் பிடிக்காம சொல்றது, எது எழுத்துல இருக்குற கோளாறு, இத சாதாரணமா பாக்குற ஒருத்தர் எப்படிப் பிரிச்சுப் பாக்குறதுன்னு கேக்குறீங்க. ஆனா கடைசி வரியில "எல்லாரும் திட்டுற அந்த மனைவி கேரக்டர் எனக்கு மட்டும் பிடிச்சிருக்கு, நான்தான் தப்பா பாக்குறேனா"ன்னு போட்டிருக்கீங்க பாருங்க, உண்மையான கேள்வி அதுதான்னு எனக்குத் தோணுது. ரெண்டுக்கும் சேர்த்தே சொல்றேன், கொஞ்சம் நீளமாத்தான் போகும்.

நான் 13 வருஷமா காஸ்டிங் வேலையில இருக்கேன். ஆரம்பத்துல ஆடிஷன் ரூம்ல கேமராவுக்குப் பின்னாடி உக்காந்து எதிர் டயலாக் படிக்கிற வேலை, அதாவது நடிக்க வந்தவங்க அவங்க வசனத்தப் பேசும்போது மத்த எல்லாரோட வசனத்தையும் நான் படிச்சுக் குடுப்பேன். அப்புறம் அசிஸ்டென்ட், இப்ப அசோசியேட். ஸ்க்ரிப்ட் வந்ததும் ஒவ்வொரு கேரக்டரையும் தனித்தனியா பிரிச்சு எழுதுறது, ஆள் தேடுறது, நடிகருங்க தாங்களே எடுத்து அனுப்புற செல்ஃப் டேப் வீடியோ வாங்கிப் பாத்து வடிகட்டுறது, லுக் டெஸ்ட், கால்ஷீட் ஒத்து வருதான்னு பாக்குறது எல்லாம் எங்க பாடு. நான் வேலை செஞ்சதுல பாதிக்கு மேல க்ரைம்தான். ஒண்ணு மட்டும் நேர்மையா சொல்லிடணும், லீட் ரோல் யாருங்கிறது பெரும்பாலும் எங்க கைக்கு வரும்போதே முடிவாகியிருக்கும், தயாரிப்பு தரப்பும் சேனலும் ஓடிடிக்காரங்களும் பேசி முடிச்சிருப்பாங்க. அதனால ஏட்டு, சாட்சி, செத்தவங்க குடும்பம், சந்தேகத்துல மாட்டுற ஆளுங்க, இவங்களப் பத்தி நான் சொல்றது கையால செஞ்ச அனுபவம், ஹீரோ ஹீரோயினப் பத்தி சொல்றது பக்கத்துல நின்னு பாத்தது. இந்த வித்தியாசத்த மனசுல வச்சுக்கிட்டு படிங்க.

ரொம்ப உறுதியா சொல்லக்கூடிய விஷயத்துல இருந்து ஆரம்பிக்கிறேன். ஒரு கேரக்டர் வந்தாலே பாக்குறவங்களுக்கு ஒட்டலேன்னா அந்த ஒட்டாமை பொய்யில்ல, அங்க ஏதோ ஒண்ணு நிச்சயமா சரியில்ல. ஆனா என்ன சரியில்லன்னு அவங்க சொல்ற காரணம் பல தடவ வேற எங்கயோ போய் நிக்கும். இத நான் ரூம்லயே பாத்திருக்கேன். ஒரு சீரிஸ்ல இன்ஸ்பெக்டரோட மனைவி ரோலுக்கு ஆடிஷன், ஆறு பேரு வந்தாங்க, எல்லாருமே நல்லா நடிக்கிறவங்க, ஆனா ஆறு பேரும் அந்த சீன்ல எரிச்சலூட்டுற மாதிரியே தெரிஞ்சாங்க. டைரக்டர் "ஆளே அமையலையே"ன்னு தலையில கை வச்சுட்டாரு. எதிர் டயலாக் படிச்சது நான்ங்கிறதால எனக்கு ஒண்ணு பட்டுச்சு, அந்தம்மாவுக்கு அந்த சீன்ல இருந்தது முழுக்கக் கேள்விதான், எங்க போற, எப்ப வருவ, ஏன் ஃபோன் எடுக்கல, புள்ளையப் பத்தி நெனச்சியா. ஒரு பதில்கூட அவங்க வாயில இல்ல, அவங்களுக்குன்னு ஒரு வேலை இல்ல, ஒரு ரகசியம் இல்ல. மூணாவது எபிசோட்ல அதே மனைவி தன்னோட தம்பிகிட்ட பணம் கேக்குற ஒரு சின்ன சீன் இருந்துச்சு, அத எடுத்து அதே ஆறு பேர்ல ரெண்டாவதா வந்தவங்ககிட்ட குடுத்தோம், ரூமே அமைதியாயிடுச்சு. அவங்கதான் கடைசியில நடிச்சாங்க. முதல் சீன மட்டும் வச்சு முடிவு பண்ணியிருந்தா அவங்கள ரிஜெக்ட் பண்ணிட்டு காரணம்னு "பொருந்தல"ன்னு எழுதியிருப்போம்.

இப்ப உங்க மனைவி கேரக்டர் விஷயத்துக்கு வரேன், ஏன்னா இதுக்கு உலகத்துக்கே தெரிஞ்ச உதாரணம் ஒண்ணு இருக்கு. பிரேக்கிங் பேட்ங்கிற அமெரிக்க க்ரைம் சீரிஸ்ல ஹீரோ வால்டர் ஒயிட்டோட மனைவி ஸ்கைலரா நடிச்சவங்க அன்னா கன். அந்த சீரிஸ் 2008ல இருந்து 2013 வரைக்கும் ஓடுச்சு, ஓடுன காலம் பூரா ஸ்கைலரத் திட்டுறதுக்குன்னே இன்டர்நெட்ல கூட்டம் இருந்துச்சு. எவ்வளவு தூரம்னா, 2013 ஆகஸ்ட்ல அன்னா கன் நியூயார்க் டைம்ஸ்ல தன் பேர்லயே ஒரு கட்டுரை எழுதுனாங்க, கேரக்டர் மேல இருந்த வெறுப்பு அப்படியே நடிச்ச தன் மேலயும் திரும்புனதப் பத்தி. அதே ரோலுக்கு 2013லயும் 2014லயும் அவங்களுக்கு அமெரிக்க டிவிக்கான எம்மி விருது கெடச்சுச்சு. இத காஸ்டிங் தப்புன்னு எப்படி சொல்ல முடியும்? நடிப்பு சரியா வேலை செஞ்சதாலதான் அவ்வளவு கோபமே வந்துச்சு.

இதோட வேர் எங்க இருக்குன்னா க்ரைம் கதை நம்மள உக்கார வைக்கிற இடத்துல இருக்கு. கதை யாரோட தோள்மேல ஏறிப் போகுதோ அவரோட அவசரம் நம்ம அவசரம் ஆயிடும். அவரு கேஸக் கண்டுபிடிக்கணும், இல்ல மாட்டிக்காம தப்பிக்கணும், ரெண்டுல எதுவா இருந்தாலும் குறுக்க வர்ற ஆளு நமக்கு எதிரி. குறுக்க வர்றவங்க சொல்றது நூத்துக்கு நூறு நியாயமா இருந்தாலும் சரி. புருஷன் ராத்திரி பூரா வீட்டுக்கு வரல, வந்தாலும் பொய் சொல்றான், வயித்துல புள்ளையோட இருக்குற பொண்டாட்டி கேள்வி கேக்குறா, நிஜ வாழ்க்கையில அவ பக்கம்தான் நிப்போம், ஆனா அங்க "சும்மா இரும்மா, அவன் வேலையப் பாக்கட்டும்"னு தோணுது. மனைவிக்கு மட்டும் இல்ல, மேலதிகாரிக்கும் இதே கதிதான், உள் விசாரணை பண்ற அதிகாரி, ஆதாரம் பத்தாதுன்னு சொல்ற அரசு வக்கீல், எல்லாரும் திட்டு வாங்குவாங்க. ஆனா மேலதிகாரியத் திட்டுறவங்க அந்தக் கேரக்டரத் திட்டிட்டு விட்டுடுறாங்க, மனைவியா நடிச்சவங்களத் திட்டும்போது அவங்க குரல், மூக்கு, உடம்பு வரைக்கும் போயிடுறாங்க. அந்த வித்தியாசம் ஏன்னு யோசிக்க வேண்டியது பாக்குறவங்க பொறுப்பு, இதுல நான் மழுப்ப விரும்பல. ஸோ உங்க சந்தேகத்துக்கு என் பதில், நீங்க தப்பா பாக்கல, கதை உங்கள உக்கார வச்ச சீட்ல இருந்து எந்திரிச்சு வேற பக்கம் போய் உக்காந்து பாத்திருக்கீங்க, அவ்வளவுதான்.

அடுத்து இந்த "போலீஸ் களை" விவகாரம். இத நான் வாரத்துக்கு ஒரு தடவையாவது கேக்குறேன், ரூம்லயும் கேக்குறேன் வெளியிலயும் கேக்குறேன். போலீஸ்காரர்னா எப்படி இருப்பாருங்கிற நம்ம கணக்கு பெரும்பாலும் நாம பாத்த பழைய படங்கள்ல இருந்து வந்தது, நெசமான போலீஸ்காரங்களப் பாத்து வந்தது ரொம்பக் கம்மி. த வயர்னு ஒரு சீரிஸ், 2002ல இருந்து 2008 வரைக்கும் வந்துச்சு, அமெரிக்காவுல பால்டிமோர் ஊரப் பத்தினது, அதுல ஜே லேண்ட்ஸ்மன்னு ஒரு போலீஸ் கேரக்டர் உண்டு. அந்தப் பேர்லயே பால்டிமோர்ல நெசமாவே ஒரு போலீஸ்காரர் இருந்தாரு. அவரே அந்த சீரிஸ்ல நடிச்சாரு, ஆனா தன் பேர் வச்ச கேரக்டர்ல இல்ல, டென்னிஸ் மெல்லோன்னு வேற ஒரு போலீஸா வந்தாரு, லேண்ட்ஸ்மன் ரோல்ல டெலேனி வில்லியம்ஸ்னு ஒரு நடிகர் நடிச்சாரு. அதே சீரிஸ்ல முக்கியமான ரெண்டு பேரு, போலீஸா வந்த டொமினிக் வெஸ்ட்டும் போதை கும்பல்ல வந்த இட்ரிஸ் எல்பாவும் இங்கிலாந்துக்காரங்க, பாத்துக்கிட்டிருந்த எத்தனையோ பேரு அவங்கள பால்டிமோர்காரங்கன்னே நம்பிட்டாங்க. அதாவது நெசமா இருக்குறதும் நெசம்னு திரையில படுறதும் ஒண்ணு இல்ல. ஒரு ரோலுக்கு ஆள் எடுக்கும்போது நாங்க பாக்குறது மீசையையும் தோள் அகலத்தையும் இல்ல, அந்த ஆளு ஒரு பொணத்துக்குப் பக்கத்துல எத்தனாவது தடவையா நிக்கிறாருன்னு தெரியுதாங்கிறதத்தான். புதுசா பாக்குற மாதிரி அதிர்ச்சியக் காட்டுனா, எவ்வளவு ஒசரமா மொறச்ச பார்வையோட இருந்தாலும் பொருந்தாது. ஃபைல எப்படித் தொடுறாரு, கான்ஸ்டபிள் சல்யூட் வச்சா நிமிர்ந்து பாக்குறாரா, பாக்காமயே தலைய ஆட்டுறாரா, இந்த மாதிரி விஷயங்கள்லதான் களைங்கிறது வருது.

பழைய ரோலோட வாசனை ஒட்டிக்கிட்டு வர்றதும் இதோட சேர்ந்ததுதான். ஒருத்தர காமெடியில பாத்துப் பழகிட்டோம்னா அவரு துப்பாக்கியத் தூக்கும்போது சிரிப்பு வந்துடுமோன்னு பயம். வால்டர் ஒயிட்டுக்கு பிரையன் கிரான்ஸ்டன் பேர சொன்னப்போ சேனல்காரங்களுக்கே அந்தத் தயக்கம் இருந்துச்சு, ஏன்னா அதுக்கு முன்னாடி அவரு மால்கம் இன் த மிடில்ங்கிற சிரிப்பு சீரியல்ல அப்பாவா வந்து பிரபலமானவரு. சீரிஸ உருவாக்குன வின்ஸ் கில்லிகன், 1998ல எக்ஸ் ஃபைல்ஸ்ங்கிற சீரிஸ்ல கிரான்ஸ்டன் நடிச்ச ஒரு எபிசோட எடுத்துப் போட்டுக் காட்டித்தான் அவங்கள சம்மதிக்க வச்சாரு. நம்ம பக்கமும் வதந்தி சீரிஸ்ல எஸ்.ஜே.சூர்யாவ எடுத்துக்கோங்க, 2022ல வந்தது. வேற படங்கள்ல ஒரு வரிய நாலு ஏத்த இறக்கத்தோட பேசுற மனுஷன், அதுல ஒரு எஸ்.ஐ.யா குரல அடக்கிக்கிட்டு, கேஸ விட முடியாம உள்ளுக்குள்ளயே வெந்துக்கிட்டு இருக்குற மாதிரி பண்ணியிருப்பாரு. முதல் அரை மணி நேரம் எனக்கே "இப்ப வெடிப்பாரு, இப்ப வெடிப்பாரு"ன்னு ஒரு எதிர்பார்ப்பு இருந்துக்கிட்டே இருந்துச்சு, அந்த எதிர்பார்ப்பே கதைக்கு ஒரு பதட்டத்தக் குடுத்துச்சு. டெல்லி க்ரைம்ல ஷெஃபாலி ஷாவும் அப்படித்தான், குடும்பப் பாத்திரங்கள்ல பாத்த முகம், அவங்க டிசிபியா வந்து நிக்கும்போது அந்தப் பழைய முகத்தோட மென்மையும் கூடவே வந்து அந்த ரோலுக்கு பலமாயிடுச்சு. அதனால முதல் எபிசோட மட்டும் வச்சு மிஸ்காஸ்டிங்னு சொல்றவங்க கருத்த நான் பெருசா எடுத்துக்கிறதில்ல, மூணாவது எபிசோடுக்கு அப்புறமும் அதே உறுத்தல் இருந்தா அப்ப காது குடுக்குறேன். பாக்குறதுக்கு முன்னாடியே முடிவு பண்றதும் நடக்கும், எலிமெண்ட்ரிங்கிற ஷெர்லாக் ஹோம்ஸ் சீரிஸ்ல, கதையில ஆம்பளையா வர்ற வாட்சனா நடிகை லூசி லியூன்னு அறிவிச்ச உடனே ஷெர்லாக் ரசிகர்கள்ல பல பேரு கொதிச்சாங்க, அந்த சீரிஸ் 2012ல ஆரம்பிச்சு ஏழு சீசன் ஓடுச்சு.

அப்ப உண்மையான மிஸ்காஸ்டிங்னு ஒண்ணு இல்லவே இல்லையான்னு கேப்பீங்க. இருக்கு, நிச்சயமா இருக்கு. அதுக்கு நான் எப்பவும் புதுசா வேலைக்கு வர்ற பசங்களுக்கு சொல்ற உதாரணம் டேவிட் சூஷே. அகதா கிறிஸ்டியோட துப்பறிவாளர் பாய்ரோவா 1989ல இருந்து 2013 வரைக்கும் 70 எபிசோட் நடிச்சவரு, அந்த ரோலுக்கு இன்னொருத்தர நெனச்சுப் பாக்கவே முடியாதுன்னு சொல்ற அளவுக்குப் பொருந்துனவரு. அதே மனுஷன் அதுக்கு நாலு வருஷம் முன்னாடி, 1985ல, ஒரு டிவி படத்துல பீட்டர் உஸ்தினாவ் பாய்ரோவா நடிக்க அவரு கூட இன்ஸ்பெக்டர் ஜாப்பா நடிச்சிருந்தாரு. அத தன்னோட வாழ்க்கையிலயே மோசமான நடிப்புகள்ல ஒண்ணுன்னு அவரே பின்னாடி சொல்லியிருக்காரு. அதே ஆளு, அதே எழுத்தாளரோட உலகம், நாலே வருஷ இடைவெளி. அவருக்குள்ள இருந்த அந்த ஒழுங்கு, நுணுக்கம், தனிமை எல்லாம் ஜாப்போட மொரட்டுத்தனத்துக்குள்ள போய் உக்கார இடமே இல்ல. திறமை இல்லாதது ஒரு பிரச்சனை, இருக்குற திறமைக்கு ரோல்ல வாசல் இல்லாதது வேற ஒரு பிரச்சனை, மிஸ்காஸ்டிங்னா ரெண்டாவதுதான்.

இத திரையில எப்படிக் கண்டுபிடிக்கிறது? நான் பாக்குற அடையாளம் ரெண்டு இருக்கு. ஒண்ணு, நடிகர் தேவைக்கு மேல வேலை செய்வாரு, புருவம், பெருமூச்சு, வசனத்துக்கு நடுவுல ஒரு இடைவெளி, சும்மா நிக்க வேண்டிய எடத்துல எதையாவது பண்ணிக்கிட்டே இருப்பாரு, ஏன்னா சும்மா நின்னா அந்தக் கேரக்டர் காணாமப் போயிடும்னு அவருக்கே உள்ளுக்குள்ள தெரியும். இன்னொண்ணு இன்னும் நம்பகமானது, அவரப் பாக்காதீங்க, எதிர்ல நிக்கிறவங்களப் பாருங்க. நல்லா நடிச்சுக்கிட்டிருந்த ஒருத்தர் இவரோட சீன்ல மட்டும் மந்தமாயிட்டாருன்னா கோளாறு இங்கதான். சத்தத்த நிறுத்திட்டு ஒரு சீனப் பாத்தா இது பளிச்சுன்னு தெரியும், நாங்க டேப் பாக்கும்போது அடிக்கடி செய்யிற காரியம் இது. சத்தமில்லாமயும் ஆளு பிடிபடுறாரு, சத்தம் போட்டா மட்டும் எரிச்சலா இருக்குன்னா வசனத்துல போய்த் தேடுங்க.

ஒரு எச்சரிக்கை, டப்பிங்ல பாத்துட்டு நடிப்பப் பத்தி முடிவுக்கு வராதீங்க. கொரியன், ஸ்பானிஷ், இங்கிலீஷ் சீரிஸெல்லாம் நாம தமிழ் குரல்ல பாக்குறோம், உதட்டசைவுக்கு வசனத்த அடக்கணும்னு வார்த்தைய மாத்துவாங்க, விசாரணை சீன்ல ஒருத்தர் தயங்கித் தயங்கி சொல்ற பொய், டப்பிங்ல தங்கு தடையில்லாம வந்துடும், அந்தத் தயக்கத்துலதான் மொத்தக் கேரக்டரும் இருந்திருக்கும். அப்ப நீங்க பாக்குறது ஒருத்தரோட மூஞ்சியும் இன்னொருத்தரோட குரலும் சேர்ந்த ஒண்ண.

பொருத்தத்த ஒரு ஆளா மட்டும் பாக்கக் கூடாது, ஜோடியா பாக்கணும். க்ரைம் கதையில பாதி பாரம் ரெண்டு பேரு கார்ல உக்காந்து பேசுறதுலதான் போகும். இதுக்கு ஒரு அருமையான ஒப்பீடு தானாவே அமைஞ்சிருக்கு. 2013ல பிராட்சர்ச்னு ஒரு பிரிட்டிஷ் சீரிஸ், டேவிட் டென்னன்ட்டும் ஒலிவியா கோல்மனும் துப்பறியிற ஜோடி. அடுத்த வருஷமே அத அமெரிக்காவுல கிரேஸ்பாயிண்ட்ங்கிற பேர்ல எடுத்தாங்க, அதுலயும் டென்னன்ட்தான் ஹீரோ, அமெரிக்க உச்சரிப்புல பேசி நடிச்சாரு. கூட நடிச்சது யாருன்னா நாம மேல பேசுன அதே அன்னா கன். ரெண்டு பேருமே பெரிய கலைஞர்கள், கதையும் கிட்டத்தட்ட அதேதான், ஆனா பிராட்சர்ச் மூணு சீசன் போச்சு, கிரேஸ்பாயிண்ட் பத்து எபிசோடோட நின்னுடுச்சு. காரணம் ஜோடிதான்னு நான் அடிச்சு சொல்ல மாட்டேன், அசல பாத்தவங்களுக்கு அது மறுபடி பாக்குற மாதிரி இருந்ததும் ஒரு காரணமா இருக்கலாம். ஆனா கோல்மன்கிட்ட ஒரு கலகலப்பு உண்டு, அதுவரைக்கும் காமெடியில தெரிஞ்ச முகம் வேற, அந்த வெளிச்சம் பக்கத்துல இருந்ததாலதான் டென்னன்ட்டோட இறுக்கம் எடுபட்டுச்சு. கன் கிட்ட ஒரு கனம் இருக்கு, கனத்துக்குப் பக்கத்துல இறுக்கத்த வச்சா ரெண்டும் ஒரே நிறமாயிடுது. இது என் அபிப்பிராயம், ரூம்ல ஜோடி டெஸ்ட் பண்ணிப் பாத்த கண்ணோட சொல்றேன்.

ஒரு ரோல்ல இருந்த ஆளை மாத்துறதப் பத்தியும் சொல்லிடுறேன், இதுல பாக்குறவங்க பழகிக்க மாட்டாங்கன்னு ஒரு பயம் எல்லா சேனலுக்கும் உண்டு. அனுபவம் என்ன சொல்லுதுன்னா, போன ஆளோட நகலக் கொண்டுவந்து நிறுத்துனா வெறுப்பாங்க, வேற ஒரு மனுஷனக் கொண்டுவந்தா கொஞ்ச நாள்ல ஏத்துப்பாங்க. லா அண்ட் ஆர்டர்ங்கிற அமெரிக்க போலீஸ் சீரிஸ் 1990ல ஆரம்பிச்சப்போ சீனியர் டிடெக்டிவா இருந்தவரு ஒரே சீசன்ல போயிட்டாரு, அடுத்து வந்தவரும் ரொம்ப நாள் இல்ல, மூணாவதா 1992ல லென்னி பிரிஸ்கோவா ஜெர்ரி ஆர்பாக் வந்தாரு, 2004 வரைக்கும் இருந்தாரு, இன்னைக்கு அந்த சீரிஸ்னாலே பல பேருக்கு அவரு முகம்தான் ஞாபகம் வரும். முன்னாடி இருந்தவங்க சாயல் அவருகிட்ட இல்ல, குடிய விட்ட ஒரு மனுஷன், ரெண்டு கல்யாணம் முறிஞ்சவரு, பொணத்தப் பாத்து ஒரு வறட்டு வார்த்த சொல்லிட்டு நகர்ற ஆளு. மிட்சமர் மர்டர்ஸ்ங்கிற பிரிட்டிஷ் சீரிஸ்ல இன்னும் பக்குவமா செஞ்சாங்க, துப்பறியிற ஹீரோவா இருந்த ஜான் நெட்டில்ஸ் 2011ல விலகுறதுக்கு முன்னாடியே, அடுத்து வரப்போற நீல் டட்ஜன அவரோட சித்தப்பா பையன் முறையில ஒரு எபிசோட்ல கொண்டுவந்து பக்கத்துல நிறுத்திட்டாங்க, வீட்டுக்கு வந்த சொந்தக்காரன் அப்புறம் வீட்டையே பாத்துக்கிட்ட மாதிரி ஆயிடுச்சு. இதே டட்ஜன் பல வருஷம் முன்னாடி அதே சீரிஸ்ல ஒரு தோட்டக்காரனா வந்துட்டுப் போனவரு, அது யாருக்கும் பெருசா உறுத்தல.

மாத்தச் சொல்றது எப்பவும் பாக்குறவங்கதான்னு நெனைக்காதீங்க. கேக்னி அண்ட் லேசின்னு ரெண்டு பொண்ணுங்க டிடெக்டிவா வர்ற அமெரிக்க சீரிஸ், 1982ல மெக் ஃபாஸ்டர் கேக்னியா ஆறு எபிசோட் நடிச்சாங்க, சேனல் மேலிடத்துக்கு அந்தப் பொண்ணுங்க ரொம்ப மொரடாத் தெரியிறாங்கன்னு பட்டுச்சு, மாத்தச் சொல்லிட்டாங்க, ஷாரன் கிளெஸ் வந்தாங்க. அடுத்த வருஷம் சீரிஸையே நிறுத்துனப்போ பாத்தவங்க மூட்டை மூட்டையா லெட்டர் போட்டாங்க, 1984ல திரும்ப வந்துச்சு. அதுல லேசியா நடிச்ச டைன் டேலியும் ஷாரன் கிளெஸும் மாத்தி மாத்தி 1983ல இருந்து தொடர்ந்து ஆறு வருஷம் சிறந்த நடிகைக்கான எம்மிய வேற யாருக்கும் விடல. மெக் ஃபாஸ்டர் பொருந்தாம வெளிய போகல, ஒரு பொண்ணு எப்படி இருக்கணும்னு மேல உக்காந்திருந்தவங்க போட்ட கணக்குக்குப் பொருந்தாம போனாங்க. இத நெனைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனக்கும், ஏன்னா இதே மாதிரி குறிப்பு எழுதுன பேப்பர நானும் கையில வாங்கி, ஒரு நல்ல நடிகைக்கு ஃபோன் பண்ணி "இந்தத் தடவ அமையல மேடம்"னு சொல்லியிருக்கேன்.

க்ரைமுக்கு மட்டுமே உள்ள ஒரு காஸ்டிங் சிக்கல் இருக்கு, இத சொல்லாம விட்டா பதில் முழுசாகாது. தெரிஞ்ச முகம் சின்ன ரோல்ல வந்தா அவன்தான் கொலகாரன்னு எல்லாருக்கும் தெரிஞ்சுபோகும், "இவ்வளவு பெரிய ஆள ஒரு சீனுக்கா கூப்பிடுவாங்க"ன்னு கணக்குப் போட்டுடுவாங்க. இது பாக்குறவங்க புத்திசாலித்தனம், எங்களுக்குத் தலைவலி. கொலம்போங்கிற அமெரிக்க துப்பறியும் சீரிஸ் இத ஒரே அடியில தீர்த்துச்சு, கொலகாரன் யாருன்னு ஆரம்பத்துலயே காட்டிடுவாங்க, எப்படி மாட்டுறான்ங்கிறதுதான் கதை, அதனால பெரிய நடிகர்களத் தயங்காமக் கொலகாரனாப் போடலாம், ராபர்ட் கல்ப், ஜாக் காசிடி, பேட்ரிக் மெக்கூஹன் எல்லாம் வேற வேற கதையில திரும்பத் திரும்ப வந்து கொலை பண்ணியிருக்காங்க. சொல்லப்போனா கொலம்போவா பீட்டர் ஃபாக் வந்ததே முதல் யோசனை இல்ல, எழுதுன லெவின்சனும் லிங்க்கும் நெனச்சது வயசான ஒருத்தர, லீ ஜே. காப், பிங் கிராஸ்பின்னு பேரு போச்சு, 1968ல 40 வயசுல ஃபாக் வந்தாரு, இந்த ரோலுக்கு இவரு ரொம்ப இளசுன்னு அவங்களே தயங்குனாங்க. பிராட்சர்ச்ல வேற வழி, நடிக்கிறவங்கள்ல முக்கால்வாசிப் பேருக்குக் கொலகாரன் யாருன்னே சொல்லாம ஷூட் பண்ணாங்க, அப்பதான் யாரும் அறியாம குத்த உணர்ச்சியக் காட்டிட மாட்டாங்கன்னு. நாங்க பண்றது என்னன்னா சந்தேகத்துல வர்ற அஞ்சு பேருக்கும் ஒரே எடையுள்ள முகங்களாத் தேடுறது, ஒண்ணு அஞ்சும் தெரிஞ்ச முகம், இல்ல அஞ்சும் புது முகம். பட்ஜெட் இடிச்சு ஒருத்தர மட்டும் தெரிஞ்ச ஆளாப் போட்டா அன்னைக்கே கதையோட முடிச்சு அவுந்துடும். "பாத்த உடனே கண்டுபிடிச்சிட்டேன்"னு யாராவது எழுதுனா பல நேரம் அவங்க கண்டுபிடிச்சது கதைய இல்ல, எங்க பட்ஜெட்ட.

இதெல்லாம் சொன்னாலும் வெளிய இருந்து பாக்குற யாராலயும், நான் உட்பட, தீர்க்க முடியாத ஒரு இடம் எடிட்டிங். ஒரு கேரக்டர் அரைகுறையாத் தெரியிறதுக்கு அவரோட மூணு சீன நீளம் கருதி வெட்டுனதே காரணமா இருக்கலாம், அதுக்கப்புறம் பழி நடிகர் தலையில விழும். நான் காஸ்ட் பண்ண ஒரு ஏட்டு கேரக்டருக்கு அப்படி ஆச்சு, அவரு ஏன் சாட்சிய மறைச்சாருன்னு சொல்ற ஒரே சீன் போயிடுச்சு, வந்த கருத்து பூரா "இந்த ஆளுக்கு நடிக்கவே தெரியல"ன்னு. அவரு 20 வருஷம் நாடக மேடையில நின்னவரு. அதனால ஒருத்தருக்கு நடிக்கத் தெரியலன்னு எழுதுறதுக்கு முன்னாடி, இந்த மனுஷனுக்கு எதையாவது வேணும்னு கதை எங்கயாவது காட்டுச்சான்னு மட்டும் ஒரு தடவ யோசிச்சுப் பாருங்க. காட்டவே இல்லேன்னா அங்க நடிக்கிறதுக்கே ஒண்ணும் குடுக்கல.

உங்களுக்குப் பிடிச்ச அந்த மனைவி கேரக்டர் எந்த சீரிஸ்னு நீங்க சொல்லல. சொல்லுங்க, முடிஞ்சா எந்த எபிசோட்ல எந்த சீன்ல அவங்களப் பிடிக்க ஆரம்பிச்சுதுன்னும் சேர்த்து எழுதுங்க, அந்த சீன சத்தம் இல்லாம ஒரு தடவ, சத்தத்தோட ஒரு தடவ பாத்துட்டு வந்து சொல்றேன்.